2048-இல் குளிப்பவர்கள்

நீகாட்டா நகர எரிவாயு நிறுவனம்.
நான்காம் மாடி, தேவைக் கணிப்புப் பிரிவு.
ஒசானாய் ரிட்சுகோ சோழி உருட்டுவதில்லை,
விரிதாளில் கட்டங்களை நிரப்புகிறாள்.
கேள்வி மட்டும்
குறிகாரியிடம் கேட்கிற கேள்விதான்:
2048 ஜனவரியில் இந்த ஊரில்
எத்தனை பேர் வெந்நீரில் குளிப்பார்கள்?

பதினேழு வருட ஒப்பந்தம்.
ஆஸ்திரேலியக் கரையிலிருந்து
வருடத்துக்கு ஐந்து கப்பல்.
எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு.
இந்த ஒற்றை வரியை
வக்கீல்கள் பதினோரு பக்கத்துக்கு
எழுதியிருக்கிறார்கள்.

அவள் கணக்கில் ஊர் இப்படித் தேயும்:
பள்ளிக்கூடம் மூடினால் ஒரு பெரிய அடுப்பு.
மகன் டோக்கியோ போனால் ஒரு கோப்பை அரிசி.
கணவன் இறந்தால்
முதல் வருடம் எதுவும் குறைவதில்லை,
தொட்டி நிறையவே நீர் நிரப்புகிறார்கள்.
இரண்டாம் வருடத்திலிருந்து ஷவர்.
இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
மீட்டர்கள் சொல்லின.

நாற்பத்தோராம் வரிசையில் அவளும் இருக்கிறாள்:
தனி ஆள், பெண், நாற்பதுகளின் கடைசி,
பன்னிரண்டு நிமிடம்.
2048-க்கு நகர்த்தினால்
அதே கட்டம் பத்து என்கிறது.
இரண்டு நிமிடம் எங்கே போயிற்று என்று
சூத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.
அவளே எழுதியதுதான்.

மேல், நடு, கீழ் என மூன்று கோடு.
கீழ்க்கோட்டில்தான் அவளுக்கு நம்பிக்கை.
"மூன்று கப்பல் போதும். நாம் குறைந்துகொண்டிருக்கிறோம்"
என்றாள் கூட்டத்தில்.
எல்லோரும் நடுக்கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.
உண்மை நடுவில்தான் இருக்கும் என்று
யார் சொல்லிவைத்தார்களோ.
கையெழுத்து மார்ச்சில் என்று முடிவாயிற்று.

பிப்ரவரி ஆறாம் தேதி பனி.
ஏழு, எட்டு, ஒன்பது, பனி.
வரவேண்டிய கப்பல் புயலுக்கு வெளியே
நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.
துறைமுகத்தில்,
மைனஸ் நூற்று அறுபத்திரண்டு பாகைக் குளிரில்
அறுநூறில் ஒரு பங்காய்ச் சுருங்கிக் கிடந்த நெருப்பு
தொட்டியில் இறங்கிக்கொண்டே போனது.

கொள்முதல் பிரிவு ஆட்கள்
ரயிலோடு பனியில் சிக்கியிருந்தார்கள்.
இரவு பதினொன்றரை.
ஆங்கிலம் தெரிந்தவள் என்று
கீழ்க்கோட்டுக்காரியின் கையில் போனைக் கொடுத்தார்கள்.

ஜெனீவாவில் லோயிக் என்றொருவன்.
எதையோ மென்றுகொண்டே பேசினான்.
"ஒன்று இருக்கிறது.
புறப்பட்டு இரண்டு நாள், கராச்சிக்குப் போகிறது.
விலை சொன்னால் திரும்பும்."
அவர்களுக்குக் கொடுத்த வாக்கு?
"அபராதம் உண்டு. அதையும்
விலையில் சேர்த்துவிட்டேன்."

வந்து சேரப் பன்னிரண்டு நாள்.
அதுவரை செண்டாய்க்காரர்கள் கடன் தருவார்கள்.
அவள் ஒரு எண்ணைச் சொன்னாள்.
அந்த எண்ணைத் தன் வாயால்
அதற்குமுன் அவள் உச்சரித்ததே இல்லை.

திரையில் மேற்கே பார்த்திருந்த சின்ன அம்பு
கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல,
வடக்கே திரும்பிற்று.

ஒரு கப்பலில் எத்தனை அடுப்பு என்று
அவளுக்கு மனப்பாடம்.
கராச்சியில் ரொட்டி
எத்தனை மணிக்குச் சுடுவார்கள் என்று தெரியாது.
விரிதாளை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள்.
தள்ளத் தள்ள வெற்றுக் கட்டங்கள்,
அந்த ஊருக்கு ஒரு பத்தி இல்லை.

விடியற்காலை மூன்றுக்கு வீடு.
காலுறை நனைந்திருந்தது.
குழாயைத் திருகியதும்
சுவருக்கு அப்பால் டக்கென்று பற்றியது நீலம்.
கடலில் வந்தபோது அதற்கு வாசனை இல்லை.
கசிந்தால் தெரியட்டும் என்று
நாற்றத்தை இங்கேதான் சேர்க்கிறார்கள்.

நீர் சூடாக எட்டு நொடி ஆகும்.
கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.
இந்த எட்டு நொடிக் குளிரை
எந்தக் கோட்டிலும்
அவள் சேர்த்திருக்கவில்லை.